சொகுசு அங்காடிக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

நம் ஊரில் 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்று சொன்னால் பருப்பும் புளியும் சோப்பும் கிடைக்கும் தெருமுனை மளிகைக் கடைதான் நினைவுக்கு வரும். ஆகவே, நகரில் புதிதாக ஒரு சொகுசு டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் புறப்படுபவர்கள், அது எந்த வகைக் கடை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மால் என்பது பல கடைகளுக்கு இடத்தை வாடகைக்கு விடும் கட்டடம். அங்கே ஒவ்வொரு கடைக்கும் தனிக் கதவு, தனி பில், தனி விதிமுறை. இந்த வகை அங்காடியோ ஒரே நிர்வாகத்தின் கீழ், வாசனைத் திரவியம், கைப்பை, காலணி, ஆடை, கைக்கடிகாரம், வீட்டுப் பொருள் என்று பிரிவு பிரிவாகப் பல பிராண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் ஒரே கடை. ஆனால் உள்ளே இருக்கும் சில கவுன்டர்களை அந்தந்த பிராண்டுகளே நேரடியாக நடத்துவதும் உண்டு என்பதால், பொருளை எடுப்பதற்கு முன் 'பில் யார் பெயரில் வரும், மாற்ற வேண்டியிருந்தால் யாரிடம் வர வேண்டும்' என்று கேட்டுக்கொள்வது பின்னால் வரக்கூடிய அலைச்சலைத் தவிர்க்கும்.

இப்படிப்பட்ட கடைகளின் அடிப்படை விதி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும். பாரிஸில் அரிஸ்தீத் பூசிகோ என்பவர் 1852இல் லெ பான் மார்ஷே என்ற கடையின் பங்குதாரராகி அதை வளர்த்தெடுத்தபோது, பொருளின்மேல் விலையை எழுதி வைப்பது, பேரம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கொடுப்பது, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்க இடம் தருவது ஆகிய வழக்கங்களை முன்னிறுத்தினார். அதற்கு முன்பெல்லாம் கடைக்குள் காலெடுத்து வைத்தாலே எதையாவது வாங்கியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. வாங்காமலே உள்ளே வரலாம், பார்க்கலாம், தொடலாம், வெறுங்கையோடு போகலாம் என்பதுதான் இந்தக் கடைகளின் பிறப்புரிமை. அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பென்சர் கடையைப் பார்த்த ஊர் இது. லைஃப்ஸ்டைல் நிறுவனம் 1999இல் இந்தியாவின் முதல் கடையைத் திறந்ததும் சென்னையில்தான். 2025இல் பிரான்சின் காலெரி லஃபாயெத் மும்பையின் கோட்டைப் பகுதியில் கடை திறந்தபோது நாடெங்கும் பேசினார்கள். எனினும், பளிங்குத் தரையையும் கண்ணாடிக் கதவையும் கண்டவுடன் 'இது நமக்கானது இல்லை' என்று வாசலிலேயே திரும்பிவிடுகிறவர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அவர்கள்தான் காரணம்.

என் பெரியம்மா காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரை இத்தகைய கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, காவலர் கதவைத் திறந்துவிட்டதும் அவர் தயங்கி நின்று, "செருப்பை எங்கப்பா விடுறது?" என்று கேட்டார். "போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்று காவலரே கனிவாகச் சொல்லி உள்ளே அனுப்பினார். பத்து நிமிடம் சுவரோரமாகவே நடந்தவர், பட்டுக் கழுத்துத்துணிகள் விரித்திருந்த மேசை அருகே வந்ததும் நின்றார். ஒரு சதுரத் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மிஷின் தையல் இல்லை, கையால சுருட்டித் தைச்சது; அதான் ஓரம் புடைச்சிருக்கு" என்றார். கவுன்டரில் நின்ற பெண் வியந்துபோய், அந்தத் துணியின் விலைக்குப் பெரிய காரணமே அந்த ஓரத் தையல்தான் என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு பெரியம்மா சுவரோரம் நடக்கவில்லை. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா, உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்ணும் கையும் நம்மிடம் உண்டு. தி. நகரில் பயன்படும் அந்த அறிவை இந்தக் கடையின் வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

உடையைப் பற்றியும் கவலை வேண்டாம். சுத்தமான, சௌகரியமான எந்த உடையும் போதும். வேட்டி கட்டியவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்ட ஒரு நிகழ்வை அடுத்து, மன்றங்களும் நிறுவனங்களும் தம் கட்டுப்பாட்டில் உள்ள பொது இடத்துக்கு வேட்டி அணிந்து வருபவரைத் தடுக்கக் கூடாது என்று 2014இல் தமிழ்நாடு சட்டமே இயற்றியிருக்கிறது. ஆடை வாங்கப் போகிறவர்கள் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய உடையில் செல்வதும், புடவைக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள் அந்தப் புடவையின் ரவிக்கைத் துணியையாவது கையோடு எடுத்துச் செல்வதும் பயன்தரும். குளிரூட்டல் கடுமையாக இருக்கும் என்பதால், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது செல்வது

திறந்த முதல் இரண்டு வாரங்களைத் தவிர்ப்பது என் உறுதியான பரிந்துரை. அந்த நாட்களில் படம் எடுக்க வருபவர்களின் கூட்டமே அதிகம். விற்பனைப் பணியாளர்களும் சரக்கு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். டிரையல் ரூம் வரிசை நீளும். மூன்றாவது, நான்காவது வாரத்தில், செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாள், கடை திறந்த முதல் மணி நேரத்தில் சென்றால், கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆள் இருப்பார்கள். காலணி வாங்குவதற்கு மட்டும் மாலை நேரம் நல்லது, ஏனெனில் நாள் முழுவதும் நடந்து நின்ற பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த காலணி மாலையில் கடிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களும் இந்த நகரத்தில் எந்தக் கடைக்கும் உகந்தவை அல்ல. தள்ளுபடி வேண்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நமக்கு ஆடித் தள்ளுபடி பழக்கம், வெளிநாட்டு பிராண்டுகளோ பெரும்பாலும் பருவ முடிவுக் கணக்கில் ஆண்டின் நடுவிலும் ஆண்டுத் தொடக்கத்திலும் விலையைக் குறைக்கின்றன.

வாகனத்தை எடுத்துச் செல்வதைவிட மெட்ரோவில் செல்வது மன அமைதிக்கு நல்லது. கடை அண்ணா சாலையை ஒட்டி இருந்தால் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், ஆயிரம் விளக்கு நிலையங்களில் ஒன்று அருகில் இருக்கும்; அண்ணாநகர்ப் பக்கமென்றால் திருமங்கலம்; வேளச்சேரிப் பக்கமென்றால் பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை வந்து அங்கிருந்து ஆட்டோ. காரில்தான் செல்ல வேண்டும் என்றால், வேலட் பார்க்கிங்கில் சாவியைக் கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றி நான்கு புறமும் படம் எடுத்துக்கொண்டு, கொடுத்த சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

வாங்கும் எண்ணத்தை அரை மணி நேரம் ஒத்தி வையுங்கள். லிஃப்டில் நேராக மேல்தளத்துக்குச் சென்று, எஸ்கலேட்டரில் ஒவ்வொரு தளமாக இறங்கி வருவது எனக்குப் பிடித்த முறை. எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, எங்கே உட்கார இருக்கை இருக்கிறது, கழிப்பறை எந்தத் தளத்தில் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். குழந்தையோடு வருபவர்கள் பாலூட்டும் அறை இருக்கிறதா என்று தகவல் மேசையில் முதலிலேயே கேட்டுவிடலாம். பெரும்பாலான நாடுகளில் இத்தகைய கடைகளின் தரைத்தளத்தில் வாசனைத் திரவியமும் அழகுப் பொருளும்தான் இருக்கும். கடந்து போகிறவர் நின்று, முகர்ந்து, திட்டமிடாமலே வாங்கக்கூடிய பொருட்கள் அவை. அந்த இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டால் கையும் பையும் கட்டுக்குள் இருக்கும்.

பணியாளர் அருகே வந்து "என்ன பார்க்கிறீங்க மேடம்?" என்று கேட்டால், "சும்மா சுற்றிப் பார்க்கிறேன், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நுழைவாயிலிலோ பில் போடும்போதோ கைபேசி எண் கேட்பார்கள். எண் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வேண்டாம் என்றால், "வேண்டாம்" என்று சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. உறுப்பினர் புள்ளிகள் வேண்டுமென்று நீங்களே விரும்பினால் மட்டும் கொடுங்கள்.

வாசனைத் திரவியம்

இந்தப் பிரிவில் நிதானம் மிகவும் தேவை. காகிதப் பட்டையில் தெளித்ததும் மூக்கில் ஏறுவது அந்தச் சென்ட்டின் மேல் மணம் மட்டுமே. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மணங்கள் சில நிமிடங்களில் பறந்துவிடும். உண்மையில் நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போவது, அரை மணி நேரத்துக்குப் பிறகு தோலின் சூட்டில் எழுந்து வரும் மலர் மணமும், அதன் அடியில் தங்கும் சந்தனம், கஸ்தூரி, வெனிலா, மர மணங்களும்தான். எனவே காகிதப் பட்டையில் முகர்ந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றில் இரண்டை ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒன்றாகத் தெளித்துக்கொண்டு, மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காமல் அடுத்த தளத்துக்குச் சென்றுவிடுங்கள். முடிந்தால் கடைக்கு வெளியே, சென்னையின் வெயிலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். குளிரூட்டிய கடைக்குள் இதமாக இருந்த ஒரு கனமான மணம், மே மாத மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தலைவலியைக் கொடுக்கலாம். தலையில் மல்லிகை வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், மல்லிகையோடு சண்டை போடாத மணத்தையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து; மல்லிகைக்குச் சந்தனம் ஒத்துப்போகும், பழ மணங்கள் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. குப்பியின் மேல் 'ஓ த பர்ஃபம்' என்றிருந்தால் மணச்சத்தின் அடர்த்தி கூடுதல், 'ஓ த துவாலெட்' என்றிருந்தால் குறைவு. நம் வெப்பத்தில் பகலுக்குப் பின்னதும் திருமண மாலைக்கு முன்னதும் போதுமானவை. சிறிய குப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். வெப்பமும் வெளிச்சமும் சென்ட்டைக் கெடுக்கும் என்பதால் பெரிய குப்பியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதில் லாபமில்லை.

அழகுப் பொருட்களில் டெஸ்டராக வைத்திருக்கும் உதட்டுச்சாயத்தை உதட்டில் தடவாமல் புறங்கையில் தடவிப் பாருங்கள். ஃபவுண்டேஷன் வாங்குபவர்கள் தாடையோரத்தில் கோடாக இழுத்து, கடையின் மஞ்சள் வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஏற்ற சாயல்கள் கண்ணில் படாவிட்டால், இழுப்பறையில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நாம் கேட்டால்தான் அடுத்த முறை மேசைக்கு வரும். பெட்டியில் திறந்த டப்பா போன்ற சிறு படமும் அதனுள் '12எம்' போன்ற குறியும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று பொருள்.

தோல் பொருட்கள்

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பிரிவில் அந்நியமாக உணரக் காரணமே இல்லை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் நம் அடையாறில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களிலிருந்து பதனிட்ட தோலும் தைத்த காலணிகளும் பல நாடுகளுக்குப் போகின்றன. ஒரு கைப்பையைக் கையில் எடுத்தால் முகப்பில் உள்ள லோகோவை மறந்துவிட்டு, வெட்டு விளிம்பைப் பாருங்கள். கைப்பிடியின் பக்கவாட்டில் தோலும் தோலும் சேரும் விளிம்பில் பல முறை பூசித் தேய்த்த சாயம் கண்ணாடி போல வழுவழுப்பாக, ஒரே தடிமனில் ஓட வேண்டும். நகம் பட்டதும் பிசுபிசுத்தாலோ, வளைவில் மெல்லிய விரிசல் தெரிந்தாலோ வைத்துவிடுங்கள். அடுத்து தையல்: துளைகளுக்கு இடையே உள்ள தூரம் சீராக இருக்க வேண்டும், பட்டை பையோடு சேரும் இடத்தில், எடை இழுக்கும் அந்தப் புள்ளியில், தையல் இரட்டித்திருக்க வேண்டும். கட்டைவிரலால் தோலை அழுத்தினால் இயற்கையான தோலில் நுண்ணிய சுருக்கங்கள் எழுந்து விரலை எடுத்ததும் மறையும். பூச்சு அடர்ந்த தோலிலும் செயற்கைத் தோலிலும் குழி மட்டும் விழும். 'அசல் தோல்' என்ற முத்திரை மட்டும் உயர்ந்த தரத்துக்குச் சான்று ஆகாது. தோலின் மேல் அடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடி அடுக்கின்மேல் பூச்சுக் கொடுத்தும் அதே பெயரில் விற்கிறார்கள். லோகோ அச்சடித்த புகழ்பெற்ற பைகள் பல, தோலே அல்லாமல் பூச்சிட்ட கேன்வாஸ் துணியால் ஆனவை. அது குறை இல்லை, உறுதியானதுதான், ஆனால் தோலுக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஜிப்பை ஐந்து முறை திறந்து மூடுங்கள். உட்துணியை வெளியே இழுத்துப் பாருங்கள். அன்றாடம் எடுத்துச் செல்லும் பணப்பை, கண்ணாடிக் கூடு, தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தோளில் மாட்டிப் பத்தடி நடந்து பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோலில் பூஞ்சை பூக்கும் ஊர் இது. பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காமல், பையோடு கொடுக்கும் துணி உறையில் போட்டு, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைத்து, வாரம் ஒரு முறையாவது வெளியே எடுக்க வேண்டும்.

காலணியில் எனக்கு ஒரு பட்டறிவு உண்டு. அன்றைக்கு என் வசதிக்கு மீறிய விலையில் ஒரு கடையில் வாங்கிய காலணியை, பழுதாகிவிடக் கூடாதே என்று பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளில் மூன்று முறைகூட அணியவில்லை. தம்பி மகள் திருமணத்துக்கு எடுத்து அணிந்து மண்டபத்தின் படியேறியபோது, அடிப்பாகம் ஊறிய ரொட்டி போலத் துண்டு துண்டாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற அந்த அடிப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும் தன்மை கொண்டது என்பதை, விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே அடிப்பாகம் என்ன பொருள் என்று கேளுங்கள். தோல் என்றால் மழையில் கவனம், ரப்பர் என்றால் நம் ஊருக்கு நல்லது, பாலியூரித்தேன் என்றால் மூடி வைக்காமல் அடிக்கடி அணியுங்கள். அடிப்பாகத்தை மாற்றித் தைக்க முடியுமா என்ற கேள்வியும் விலையுயர்ந்த காலணிக்கு அவசியம்.

அளவும் துணியும்

பிராண்டுக்குப் பிராண்டு, நாட்டுக்கு நாடு அளவு எண் மாறும். காலணியில் நாம் பயன்படுத்தும் பிரிட்டிஷ் 8 என்பது ஐரோப்பிய 42 அளவுக்கு நெருங்கியது. ஆண்களின் கோட்டில் 40 என்பது ஐரோப்பியக் கணக்கில் 50. பெண்களின் ஆடையில் பிரிட்டிஷ் 10 என்பது பிரான்சில் 38, இத்தாலியில் 42. இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, தெருவில் உள்ள தையல்காரரிடம் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கால் நீளம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போவதே சிறந்தது. தோள் அளவு சரியாக இருந்தால் மற்றவற்றை ஆல்டரேஷனில் சரிசெய்யலாம். தோள் சரியில்லாத கோட்டை எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுக்காதீர்கள். கடையிலேயே ஆல்டரேஷன் செய்து தருகிறார்களா, அதற்குத் தனிக் கட்டணமா, ஆல்டரேஷன் செய்த பிறகு மாற்ற முடியாது என்ற விதி இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் குளிருக்காக வடிவமைத்த உடையை, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இங்கே வாங்குவது வீண். உட்பக்கத்தில் தைத்திருக்கும் சிறு பட்டையில் துணியின் கலவையும் துவைக்கும் முறையும் எழுதியிருக்கும். லினன், பருத்தி, மெல்லிய கம்பளி, பட்டு ஆகியவை நம் தட்பவெப்பத்துக்குத் தாங்கும். முழு உட்துணி வைத்த பாலியெஸ்டர் கோட்டு தாங்காது. உலர்சலவை மட்டும் என்றிருந்தால், வியர்வை மிகுந்த ஊரில் ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் ஆகும் சலவைச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

விலை, வரி, பில்

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆயத்த ஆடை அல்லது ஒரு ஜோடிக் காலணியின் விலை 2,500 ரூபாய்வரை இருந்தால் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 18 விழுக்காடு. ஆனால் விலைச்சீட்டில் எம்.ஆர்.பி. என்று இருந்தால் அதில் எல்லா வரியும் அடக்கம். தள்ளுபடி விலைக்கு மேல் வரியைத் தனியாகக் கூட்டினால் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும்; அந்தச் சீட்டு இல்லாத பொருளைக் கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள், ஏனெனில் பழுது வந்தால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில்தான் விடை இருக்கிறது.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரம், கைப்பை போன்றவற்றுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 விழுக்காடு வரி கடையிலேயே வசூலிக்கப்படுகிறது. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 'வட்டியில்லாத் தவணை' என்று சொன்னால், ரொக்கத் தள்ளுபடி இழக்கிறோமா, செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. வருகிறதா என்று கேட்டுக் கணக்குப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். பைக்குத் தனிக் கட்டணம் கேட்கும் கடைகளும் உண்டு. முன்னறிவிப்பின்றி அப்படி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் கூறியிருக்கிறது. கையில் ஒரு மஞ்சப்பை இருந்தால் அந்த விவாதமே எழாது.

பில்லில் பொருளின் பெயர், அளவு, வரிசை எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் வாசியுங்கள். கைக்கடிகாரம் வாங்கினால் வாரன்டி கார்டில் வாங்கிய தேதியும் கடை முத்திரையும், பின்மூடியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். மனம் மாறியதால் திருப்பிக் கொடுப்பது கடையின் விதியைப் பொறுத்தது. பணம் திரும்ப வருமா, அதே கடையில் செலவழிக்கும் கிரெடிட் நோட்டா, அதன் காலக்கெடு என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் பொருள் பழுதானது என்றால் கதை வேறு. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

மேல்தளத்து உணவகத்தில் காபி குடித்தால் பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கட்டாயம் அல்ல, எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கவுன்டரின் பின்னால் நிற்கும் பிள்ளைகள் புறநகரிலிருந்து காலை ரயிலில் வருகிறவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். பத்து சட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு வருவதற்கு நமக்கு உரிமை உண்டு, ஆனால் "சிரமம் கொடுத்துட்டேன்மா, நல்லா காட்டினீங்க" என்று சொல்லிவிட்டு வருவதற்குச் செலவே இல்லை. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கவுன்டருக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று நான் எப்போதும் எட்டிப் பார்ப்பேன். இல்லாவிட்டால் கருத்துப் படிவத்தில் அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். நீங்களும் எழுதுங்கள், பல பேர் எழுதினால் முக்காலி வரும்.

வீடு திரும்பிய அன்றிரவே பில்லைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் எழுத்து மையால் அச்சிடப்படுவதில்லை, சூட்டால் உருவாவது. நம் ஊர் வெப்பத்தில், பீரோவுக்குள் இருந்தாலும், எழுத்து மெல்ல மங்கி, நாளடைவில் வெள்ளைத் தாளாகிவிடலாம். வாரன்டி முடிவதற்குள் பில் முடிந்துவிடக் கூடாது.